தொரீயும் தோரணமும்

ஹிரோஷிமாவுக்குத் தென்மேற்கே மியாஜிமாகுச்சி என்றொரு படகுத்துறை. அங்கிருந்து மியாஜிமா தீவுக்குப் பத்து நிமிடப் பயணம்தான். பகலில் ஓடும் ரயில்வே படகுகள் நேராகத் துறைக்குப் போவதில்லை. கொஞ்சம் வலப்பக்கம் வளைந்து, கடலுக்குள் நிற்கும் ஒரு பெரிய செந்நிற வாயிலை நெருங்கிப் போய்த் திரும்பும். வளைவு தொடங்கியதுமே படகில் இருக்கிற அத்தனை பேரும் வலப்பக்கக் கம்பியோரம் சேர்ந்துவிடுவார்கள். கதவும் இல்லை, சுவரும் இல்லை. இரண்டு தூண், மேலே குறுக்கு உத்தரங்கள், அவ்வளவுதான் அந்த வாயில். கூட்டத்தில் தமிழர் ஒருவர் இருந்தால் அவர் வாயில் தானாக வருகிற சொல் ‘தோரணம்’. பக்கத்தில் நிற்கும் ஜப்பானியரைக் கேட்டால் அவர் சொல்வது ‘தொரீ’.

தோரணம், தொரீ. பொருளும் ஒன்றுபோல் இருக்கிறது, ஒலியும் ஒன்றுபோல் இருக்கிறது. உறவு சொல்ல இதற்குமேல் என்ன வேண்டும்? நிறைய வேண்டும். இந்த இரண்டு சொற்களையும் முடிச்சுப் போடும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மேனாட்டு ஆய்வாளர்கள் இந்தியத் தோரணத்தை ஜப்பானியத் தொரீக்குத் தாயாக்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் அந்தக் கருத்து தலைகாட்டுகிறது. முதலில் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம்.

மியாஜிமாவின் இப்போதைய தொரீ 1875-இல் நிறுத்தப்பட்டது. ஹெயான் காலத்திலிருந்து கணக்கிட்டால் அது எட்டாவது. உயரம் 16 மீட்டருக்கு மேல். எடை ஏறத்தாழ 60 டன். முதன்மைத் தூண்கள் இரண்டும் கற்பூர மரத்தின் முழு அடிமரங்கள். ஒவ்வொன்றின் சுற்றளவும் பத்து மீட்டரை ஒட்டியது. ஆறு பேராவது கைகோத்து நின்றால்தான் அணைக்க முடியும். தூண் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு சிறிய துணைக்கால்கள், ‘சுகி’ என்ற ஊசியிலை மரத்தில் செய்தவை. ஆக மொத்தம் ஆறு கால்.

இந்த ஆறு கால்களும் கடலடி மண்ணுக்குள் புதைக்கப்படவில்லை. வாயில் தன் கனத்தாலேயே நிற்கிறது. கால்களுக்குக் கீழே, சேற்றுக்குள், பைன் மர முளைகளை நெருக்கமாக அடித்து இறக்கித் தரையைக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். மேலே இருக்கும் உத்தரம் பார்வைக்கு ஒரே மரக்கட்டை போலத் தெரிந்தாலும் அது பெட்டி. உள்ளே கைப்பிடி அளவுக் கற்கள் ஏழு டன் வரை நிரப்பப்பட்டிருக்கின்றன. தலைப்பாரம் ஏற ஏறக் கால் அசையாது என்ற கணக்கு. 2019 ஜூனில் சாரம் கட்டிப் பழுதுபார்க்கத் தொடங்கியவர்கள் 2022 டிசம்பரில்தான் பிரித்தார்கள். அந்த மூன்றரை ஆண்டுகள் படகேறிப் போனவர்கள் துணி போர்த்திய சாரத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

கோயில் வாயிலைக் கடலில் வைப்பானேன்? தீவே தெய்வம் என்பதுதான் விடை. மண்ணை வெட்டவும் மரத்தைச் சாய்க்கவும் மனிதர் அஞ்சிய தீவு அது. அதனால் கோயிலை மண்ணிலும் கட்டாமல், நடுக்கடலிலும் கட்டாமல், ஓதம் ஏறி வற்றும் கரைவிளிம்பில் தூண்மேல் கட்டினார்கள். 593-இல், சுய்கோ பேரரசி காலத்தில், சயேகி குராமொத்தோ என்பவர் நிறுவியதாக மரபு. இன்று நாம் பார்க்கும் அமைப்புக்கு 1168-இல் வழிவகுத்தவர் தைரா குலத் தலைவர் கியோமோரி. சோங் அரசர் காலத்துச் சீனாவோடு கடல் வாணிகம் வளர்த்த அவருக்குக் கடல் தெய்வத்தின் தயவு வேண்டியிருந்ததில் வியப்பில்லை. ஓதம் ஏறினால் கோயில் மிதப்பதுபோல் இருக்கும். நடைக்கூடத்தின் தரைப்பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் புயல் நாளில் பொங்கும் நீர் பலகையைப் பெயர்க்காமல் இடுக்கு வழியே வந்து வடியும். எப்போதும் தப்புவதில்லை: 2004-ஆம் ஆண்டுச் சூறாவளியில் இசைக்கூடங்களில் ஒன்று இடிந்தே போயிற்று. ஓதம் வற்றினால் சேற்றில் நடந்தே போய் வாயிலைத் தொடலாம். போனவர்கள் சும்மா வருவதில்லை. தூணின் வெடிப்புகளில் காசைச் செருகிவிட்டு வருகிறார்கள். மரத்துக்கு அது கேடு என்று சொல்லிச் சொல்லிக் கோயில்காரர்கள் அலுத்துவிட்டார்கள்.

பிறப்பும் இறப்பும் கூடாத தீவு என்றும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பேறுகாலம் நெருங்கிய பெண்கள் அக்கரைக்குப் போய்விட வேண்டும். இறந்தவர்களுக்கும் அக்கரையில்தான் கல்லறை. 1555-இல் மோரி மொத்தோநாரி இதே தீவில் பகைவரை முறியடித்தார். போர் முடிந்ததும் பிணங்களை அப்புறப்படுத்தி, இரத்தம் படிந்த மண்ணையும் அள்ளச் செய்தார் என்கிறார்கள்.

இனி, சொல்.

‘தொரீ’ என்பதை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்களுக்குத் தோரணத்தோடு அது ஒட்டி நிற்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆங்கில எழுத்துக்கு ஒகரமும் ஓகாரமும் ஒன்றுதான். தமிழில் எழுதியதும் முதல் விரிசல் தெரிந்துவிடுகிறது: ஜப்பானியச் சொல்லில் முதல் எழுத்து குறில், தோரணத்தில் நெடில். அந்த நெடில் வடமொழியிலிருந்தே வருவது. வடமொழியில் குறில் ஒகரமே கிடையாது. ஒரு மாத்திரை கூடிக் குறைவதைக் கடன்சொற்களில் பெரிதுபடுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் அடுத்த விரிசலைத் தாண்ட முடியாது.

தொரீயை ஜப்பானியர் இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். முதல் எழுத்து ‘தொரி’, பறவை. இரண்டாவது ‘இ’, இருத்தல் அல்லது அமர்தல். பறவை இருக்கும் இடம், பறவை அமரும் கொம்பு என்று பொருள் சொல்லலாம். அந்த இரண்டாம் பாதி ‘இரு’ என்ற ஜப்பானிய வினையின் பகுதி. ஆம், ஜப்பானிய மொழியிலும் ‘இரு’ என்றால் இரு என்றுதான் பொருள்! உயிருள்ளவை ஓரிடத்தில் இருப்பதைச் சொல்ல அவர்கள் நாள்தோறும் வழங்கும் சொல் அது. பழைய காலத்தில் அது உட்காருவதையும் குறித்தது. நம் ‘இரு’வும் அப்படியே. ஜப்பானிய மொழி கற்கும் தமிழர் முதல் மாதத்திலேயே இதைக் கண்டு துள்ளிக் குதிப்பது வழக்கம்.

துள்ளல் சில நாள்தான் நீடிக்கும். பழைய ஜப்பானிய மொழியில் அந்த வினையின் வடிவம் ‘இரு’ அல்ல, ‘விரு’. பகுதி ‘வி’, ‘ரு’ என்பது விகுதி. நூற்றாண்டுகள் போகப் போக வகரம் தேய்ந்து, பேச்சில் ‘வி’யும் ‘இ’யும் ஒன்றாயின. எழுத்தில் மட்டும் அந்தப் பழைய ‘வி’க்குத் தனி எழுத்து இருந்தது, 1946-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அதையும் நீக்கிவிட்டது. ஆக இன்று நம் காதில் விழும் ஒற்றுமை, காலத்தில் பின்னோக்கிப் போகப் போகக் கரைகிறது. உண்மையான உறவு என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்கி வர வேண்டும்.

தொரீக்கும் இதே கதைதான். அதன் பழைய வடிவம் ‘தொரிவி’. தோரணத்தில் ணகரம் இருக்கிறது, வகரம் இல்லை. தொரிவியில் வகரம் இருக்கிறது, ணகரம் இல்லை. ணகரம் போனதற்கும் வகரம் வந்ததற்கும் தனித்தனியே காரணம் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லப்போனால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் உறவாக்கிவிடலாம்.

எழுத்தில் இச்சொல்லுக்கு இன்று காட்டப்படும் மிகப் பழைய சான்று 922-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரில் இருக்கும் ஒரு கோயிலின் பதிவேடு அது. கோயிலின் பெயர் ‘ஓதொரி’. பெரும்பறவை என்று பொருள். யமாத்தோ தகெரு என்ற இளவரசன் இறந்ததும் வெண்பறவையாகி வானில் எழுந்தான் என்பது பழங்கதை. அந்தப் பறவையோடு இந்தக் கோயிலைத் தொடர்புபடுத்துகிறார்கள். பறவைக்கொம்பு என்ற சொல்லுக்குப் பெரும்பறவைக் கோயிலின் ஏட்டிலேயே முதற்சான்று கிடைப்பது நல்ல வேடிக்கை. சில பழைய எழுத்துகளில் இன்னும் கொச்சையாக, ‘கோழி அடையும் இடம்’ என்று பொருள்படும் எழுத்துகளை இட்டும் தொரீ என்று படித்திருக்கிறார்கள். சீனத்து அலங்காரத் தூண்களுக்குரிய எழுத்துகளை இட்டு, தொரீ என்று படித்ததும் உண்டு. எழுத்து மாறினாலும் நாவில் நின்ற சொல் மாறவில்லை.

கோழி ஏன்? கதிரவன் தேவி அமதெராசு தம்பியின் அட்டகாசம் பொறுக்காமல் குகைக்குள் போய் ஒளிந்துகொண்டாள், உலகம் இருண்டது, தேவர்கள் கூடிச் சேவல்களைக் கூவவிட்டு அவளை வெளியே வரவழைத்தார்கள். 712-இல் தொகுக்கப்பட்ட ‘கொஜிகி’யில் இந்தக் கதை உண்டு. அந்தச் சேவல்கள் நின்று கூவிய கொம்புதான் முதல் தொரீ என்று ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிண்டோவின் பூசகர்கள் சொல்வார்கள். அழகான விளக்கம். ஆனால் கொஜிகி சேவல்களைச் சொல்கிறதே ஒழியக் கொம்பைச் சொல்லவில்லை. அது பின்னாளில் யாரோ கட்டிய கொம்பு. இன்னொரு விளக்கம், ‘தோரி இரு’, அதாவது கடந்து உள்ளே போ என்ற தொடர் சுருங்கி தொரீ ஆயிற்று என்பது. இதையும் நம்புகிறவர்கள் குறைவு. ஆனால் மக்கள் மனத்தில் இது வேலை செய்கிறது. கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் வணிகர்கள் ஆயிரக்கணக்கான சிறு தொரீகளை வரிசையாக நட்டுவைத்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, ‘தோரு’ என்ற வினைக்குக் கடத்தல் என்றும் நிறைவேறுதல் என்றும் இருபொருள் இருப்பது. வாயிலைக் கடந்தால் வேண்டுதல் கைகூடும்.

சரி, இந்தியச் சொல் ஜப்பானுக்குப் போகவே இல்லையா? ஏராளமாகப் போயிருக்கிறது. எப்படிப் போயிற்று என்பதுதான் இங்கே முக்கியம். பௌத்த நூல்களோடு சீனாவுக்குப் போய், சீன நாவில் உருண்டு, சீன எழுத்தில் அடைபட்டு, அதன்பிறகு ஜப்பானுக்குப் போயிற்று. ‘தானம்’ அப்படிப் போன சொல். துறவிக்குத் தானம் செய்பவர் ‘தன்னா’ ஆனார். பிறகு படியளக்கும் முதலாளி தன்னா ஆனார். கடைசியில் வீட்டுக்காரரும் தன்னா ஆனார். இன்று தோக்கியோவில் ஒரு பெண் தன் கணவரைப் பற்றித் தோழியிடம் பேசும்போது சொல்லும் சொல் அது. துறவியின் ‘பாத்திரம்’ சீனத்தில் ஒற்றை அசையாகக் குறுகி, ஜப்பானில் ‘ஹாச்சி’ ஆகி, இன்று சமையலறைக் கிண்ணத்துக்கும் பூந்தொட்டிக்கும் பெயராக இருக்கிறது. ‘ஸ்தூபம்’ அங்கே ‘சொதொபா’. கல்லறைக்குப் பின்னால் நட்டுவைக்கும் நீண்ட மரப்பலகை.

தன்னா, ஹாச்சி, சொதொபா. உண்மையிலேயே பயணம் செய்த சொற்களின் முகம் இப்படித்தான் இருக்கிறது: பெற்றவளே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது. இந்த வரிசையில் தொரீ மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் தோரணத்தின் சாயல் கலையாமல் நிற்கிறது என்றால் அதுவே ஐயத்துக்குப் போதுமான காரணம். தவிரவும், தொரீயை எழுதும் இரண்டு எழுத்துகளையும் ஜப்பானியர் சீன ஒலியில் படிப்பதில்லை. தங்கள் சொந்த மொழிச்சொல்லாகவே படிக்கிறார்கள். வந்த சொல்லுக்கு இருக்கும் கடவுச்சீட்டு இதற்கு இல்லை.

ஒலியொற்றுமையில் தமிழர்க்கு ஒரு தனிப் பற்று உண்டு. அதற்கு ஒரு ஜப்பானியரே வலுச்சேர்த்தார். பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் உழைத்துத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென நிறுவ முயன்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் அவரோடு பணியாற்றினார்கள். ஜனவரி நடுவில் வரும் ஜப்பானியச் சிறு புத்தாண்டுச் சடங்குகளைப் பொங்கலோடு அவர் ஒப்பிட்டது தமிழ் ஏடுகளில் பரவலாகப் பேசப்பட்டது. மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஓனோவின் உழைப்பை மதிக்கலாம். அவர் திறந்துவைத்த வாசலில் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் தமிழ் என்று அள்ளிக்கொண்டு வருவதுதான் கூடாது.

சொல்லை விட்டுப் பொருளைக் கொண்டு வாதிடுபவர்களும் உண்டு. சாஞ்சியில் ஸ்தூபத்தின் நான்கு திசைகளிலும் கல் தோரணங்கள் நிற்கின்றன: இரண்டு தூண், மூன்று குறுக்கு உத்தரம், உத்தரத்தின் நுனி சுருண்டு நிற்கும். ஈராயிரம் ஆண்டுப் பழமை. அதற்கும், நுனி மேல்நோக்கி வளைந்த தொரீக்கும் ஒரு சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தொரீகளில் பழைய வகை என்று பொதுவாகக் கொள்ளப்படுவது ‘ஷின்மெய்’ வகை. ஈசே பெருங்கோயிலில் இருப்பது போன்றது. எல்லாம் நேர்கோடு, வளைவும் இல்லை, வண்ணமும் இல்லை. வளைவும் சிவப்பும் பௌத்தக் கட்டடக்கலை வந்த பிறகு சேர்ந்த அணிகள். அதாவது தொரீ பிறக்கும்போது தோரணம் போல இல்லை. வளர வளரக் கொஞ்சம் அந்தச் சாயலுக்கு வந்திருக்கிறது.

பறவைக்கொம்பு என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு தேடியவர்களுக்கு வேறு திசையில் துணை கிடைத்தது. கொரியச் சிற்றூர்களின் எல்லையில் ‘சொத்தே’ என்ற உயரமான கம்பம் நிற்கும், உச்சியில் மரப்பறவை. வடதாய்லாந்திலும் யுன்னானிலும் வாழும் அக்கா மக்கள் ஊர்வாயிலாக இரண்டு கம்பமும் ஒரு குறுக்குக் கட்டையும் நிறுத்தி, அதன்மேல் மரத்தில் செதுக்கிய பறவைகளை வைக்கிறார்கள். ஜப்பானிலேயே, ஒசாகாவை அடுத்த இகெகாமி-சொனே என்ற, வரலாற்றுக்கு முந்திய யயோய் காலத்து ஊரில் மரப்பறவைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 922-ஆம் ஆண்டுப் பதிவேடு கிடைத்த கோயிலும் அதே வட்டாரம்தான். நெல் பயிரிட்ட மக்கள் ஊரெல்லையில் பறவையை ஏற்றிவைத்த வழக்கமே தொரீக்கு வேர் என்று இவற்றைக் கொண்டு சிலர் வாதிடுகிறார்கள். முடிந்த முடிபாக இல்லாவிட்டாலும், பெயரின் பொருளுக்குப் பொருந்திவரும் ஒரே வழி இதுதான்.

பறவை என்றதும் தமிழ் வாசகருக்கு ஒரு நினைவு வரும். நம் குருத்தோலைத் தோரணத்திலும் குருவி உண்டே! தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துக் கட்டும்போது விழும் ஒரு மடிப்புக்குக் ‘குருவி’ என்றுதான் பெயர். மங்கல வீட்டுக்கு நான்கு குருவி, துக்க வீட்டுக்கு மூன்று என்று கட்டுகிறவர்கள் கணக்குச் சொல்வார்கள். தொரீக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம். அந்தப் பொறியைத்தான் இத்தனை நேரம் சுற்றிவந்தோம். தமிழில் தோரணம் என்ற சொல் நடந்த பாதையே வேறு. மணிமேகலையின் விழாவறை காதையில், புகாரில் இந்திர விழா வருகிறது, நகரை அணிசெய்யுங்கள் என்று முரசறைபவன் சொல்லும் பட்டியலிலேயே தோரணம் வந்துவிடுகிறது. கோயில் மாடங்களில் மகர தோரணமாகக் கல்லில் ஏறியது. பிறகு கல்லைவிட்டு இறங்கி, மாவிலையாகவும் குருத்தோலையாகவும் காகிதமாகவும் கயிற்றில் தொங்கத் தொடங்கியது. இன்று தோரணம் என்றால் நமக்குக் கட்டுவது, தொங்குவது. விழா முடிந்தால் காய்ந்து உதிர்வது.

தொரீ தொங்குவதில்லை, நிற்கிறது. விழாவுக்காகவும் நிற்பதில்லை. இதற்கு அப்பால் தெய்வத்தின் இடம் என்று கோடு கிழிப்பது அதன் வேலை. வாயிலுக்கு முன் தலைகுனிந்து, நடுவழி தெய்வத்துக்குரியது என்பதால் ஓரமாக நடந்து உள்ளே போவார்கள். நிலப்படத்தில் கோயிலுக்குக் குறியீடும் தொரீ வடிவம்தான். சந்துச் சுவர்களில் இரவு நேரத்தில் சிறுநீர் கழிப்பவர்களைத் தடுக்கவும் ஜப்பானியர் சுவரின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புத் தொரீயை வரைந்துவிடுகிறார்கள். சாமிப்படம் ஒட்டிய நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மியாஜிமாவில் தமிழோடு ஒப்பிட்டு மகிழத்தக்க சொல் வேறொன்று இருக்கிறது. அது தீவின் பெயரிலேயே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ‘மியா’ கோயில், ‘ஷிமா’ தீவு. இரண்டும் சேரும்போது ஷகரம் ஜகரமாகிறது. அவர்கள் மொழிக்கும் புணர்ச்சி உண்டு. மியாவைப் பிரித்தால் ‘மி’ மதிப்புக்குரிய முன்னொட்டு, ‘யா’ வீடு. பெருமைக்குரியவர் வீடு. அரண்மனைக்கும் அதே சொல், தெய்வத்தின் இடத்துக்கும் அதே சொல். கோ வாழும் இல் கோயிலானதும், சிலப்பதிகாரத்தில் அது பாண்டியன் அரண்மனையைக் குறிப்பதும், பிறகு சைவர்க்குச் சிதம்பரமும் வைணவர்க்குத் திருவரங்கமும் வெறுமனே ‘கோயில்’ ஆனதும் இதனோடு வைத்துப் பார்க்கத்தக்கவை. ஒலியில் இம்மியும் ஒட்டாத இரண்டு சொற்கள் ஒரே எண்ணத்தில் பிறந்திருக்கின்றன. ஜப்பானியர் ஒரு படி மேலே போய், அரண்மனையில் வாழ்பவரையும் மியா என்றே அழைக்கிறார்கள். அரச குடும்பத்துக் கிளைகளின் பெயரில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு மியாவின் கையெழுத்து அந்தத் தொரீயிலேயே இருக்கிறது. வாயிலின் நடுவே, உத்தரங்களுக்கு இடையில், முன்னும் பின்னும் இரண்டு பெயர்ப்பலகைகள். எழுதியவர் இளவரசர் அரிசுகவா-நொ-மியா தருஹிதோ, 1868-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் பேரரசர் படைக்குத் தலைமை தாங்கியவர். இரண்டு பலகையும் சொல்வது ஒரே கோயிலின் பெயரை, ஆனால் எழுத்து வேறு. கடலைப் பார்த்த பலகையில் இட்சுகுஷிமா என்ற பெயர் இன்றைய வழக்கப்படி, கண்டிப்பும் கம்பீரமும் குறிக்கும் எழுத்தை இட்டு எழுதப்பட்டிருக்கிறது. கோயிலைப் பார்த்த பலகையில் ‘இ-த்சு-கி-ஷிமா’ என்று, பொருளைக் கருதாமல் ஒலிக்கு மட்டும் சீன எழுத்தை இட்ட மிகப் பழைய முறை. பெயரின் உட்பொருள் அந்தப் பழைய எழுத்தில்தான் தெரிகிறது: ‘இத்சுகு’ என்றால் தூய்மை காத்துத் தெய்வத்துக்குத் தொண்டு செய்வது. தொண்டுத் தீவு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே வழிபடப்படும் மூன்று தேவியரில் ஒருத்தி இச்சிகிஷிமா-ஹிமெ. அவள் பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்தது என்பது பலரும் ஒப்பும் கருத்து. படகில் வரும் வெளியூர்க்காரர் புதிய எழுத்தைப் படிக்கிறார். உள்ளே இருக்கும் தேவி பழைய எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தேவியின் வழியாகத்தான் இந்தியா உண்மையிலேயே இந்தத் தீவுக்குள் வந்தது. வாயில் வழியாக இல்லை. யிஜிங் என்ற சீனத் துறவி 703-இல் சுவர்ணப்பிரபாச சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்தபோது, அதில் வரும் சரஸ்வதியின் பெயரை ஒலிபெயர்க்கவில்லை. நாவன்மைத் தேவி என்று பொருள்பட மொழிபெயர்த்தார். அந்த எழுத்துகளை ஜப்பானியர் படித்த ஒலி ‘பென்சைத்தென்’. கடைசியில் வரும் ‘தென்’ தேவர் இனத்தைக் குறிப்பது. பிரமன் அங்கே போன்தென், இந்திரன் தைஷாகுதென். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக்கருவியோடு நீர்நிலைகளின் ஓரம் குடியேறிய பென்சைத்தென், காலப்போக்கில் இச்சிகிஷிமா-ஹிமெயோடு ஒன்றாகிவிட்டாள். நாட்டின் மூன்று பெரிய பென்சைத்தென் தலங்களில் மியாஜிமாவும் ஒன்றாயிற்று. நடுவே அவள் பெயரில் ஒரு சிறு மாற்றமும் நடந்தது: ‘சை’ என்ற ஒலிக்குத் திறமையைக் குறிக்கும் எழுத்து போய்ச் செல்வத்தைக் குறிக்கும் எழுத்து வந்தது. ஒலி மாறாமலே கலைமகள் திருமகள் வேலையையும் ஏற்றுக்கொண்டாள். வணிகர் கூடும் ஊர்களில் தெய்வத்துக்கும் இது நேரும்.

சரஸ்வதி, பென்சைத்தென். ஓர் எழுத்தாவது ஒத்துப்போகிறதா? இல்லை. உறவு மட்டும் பத்திரமாக, ஆண்டுக் கணக்கோடு இருக்கிறது. எதிரே கடலில் தோரணம் போலவே ஒலித்துக்கொண்டு நிற்கும் தொரீக்கு அந்தக் கணக்கு கிடையாது. அந்த வாயிலுக்கும் பௌத்தத்தோடு ஒரு கொடுப்பினை உண்டு என்பதை மட்டும் சொல்லிவிட வேண்டும்: துணைக்கால் வைத்த அந்த வகைக்கு ‘ரியோபு தொரீ’ என்று பெயர். ‘ரியோபு’ என்றால் இரு பகுதி. ஷிங்கோன் பௌத்தம் சொல்லும் இரண்டு மண்டலங்களைக் குறிப்பது. ஒசாகாவில் ஷிதென்னோஜி என்ற புத்தர் கோயிலின் மேற்கு வாயிலில் 1294-ஆம் ஆண்டுக் கல் தொரீ ஒன்று இன்றும் நிற்கிறது. புத்தரும் ‘காமி’ எனப்படும் ஷிண்டோ தெய்வங்களும் ஆயிரம் ஆண்டுகள் ஒரே வளாகத்தில் குடியிருந்தவர்கள். கியோமோரி 1164-இல் இந்தக் கடற்கோயிலுக்குப் பொன்னும் வெள்ளியும் இழைத்துப் படைத்ததே பௌத்த சூத்திரச் சுருள்களைத்தான்.

1868-இல் புதிய அரசு அந்தக் கூட்டுக்குடித்தனத்தைப் பிரித்தது. ஷிண்டோ கோயிலில் புத்த வடிவங்கள் கூடாது என்று ஆணை வந்தது. இட்சுகுஷிமாவில் இருந்த பென்சைத்தென் சிலை பக்கத்துக் கோயிலான தைகன்ஜிக்குப் போயிற்று. கூப்பிடு தூரம்தான். கடற்கோயிலில் இரண்டு முறை கைதட்டிக் கும்பிடுகிறவர்கள், நாலடி தள்ளி தைகன்ஜியில் கைதட்டாமல் கும்பிட வேண்டும். சிலையும் எல்லா நாளும் காட்சிக்குக் கிடையாது. ஆண்டில் ஒரு நாள் மட்டும் திரை விலகும்.

மற்ற நாள்களில் அவளைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடைத்தெருவுக்குப் போகலாம். படகுத்துறைக்கும் கோயிலுக்கும் இடையே அந்தத் தெரு. மான்கள் கடைவாசலில் காகிதம் தின்றபடி நிற்கும். கடைக்குக் கடை தொங்குவது ‘ஷாமொஜி’ என்ற மரக் கரண்டி, சோறு அள்ளுவதற்கு. அகப்பையை நேராகச் சொல்லக் கூசிய அரண்மனைப் பெண்கள் முதல் அசையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்துக்கு ‘எழுத்து’ என்று பொருள்படும் ‘மொஜி’யைச் சேர்த்துப் பேசினார்கள், அந்த ஒட்டுப்பெயர்தான் நிலைத்தது. மியாஜிமா ஷாமொஜிக்கு ஒரு கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்ஷின் என்ற துறவி, தீவு மக்களுக்கு ஒரு பிழைப்பு வேண்டுமே என்று ஏங்கியிருக்கையில் கனவில் பென்சைத்தென் வந்தாள். விழித்ததும் அவள் கையிலிருந்த பிவாவின் வடிவத்தில் கரண்டி செதுக்கக் கற்றுக்கொடுத்தார். வயிறு அகன்று கழுத்து நீண்ட அந்தக் கரண்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் வீணையின் சாயல் தெரியும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதில்லை. அரிசிச் சோறு ஒட்டுமா ஒட்டாதா என்றுதான் கேட்கிறார்கள்.